அசையாமல் இருந்தவர்கள்

1863 டிசம்பருக்கும் 1864 ஜனவரிக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில், இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் இருக்கும் வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற சிற்றூரில், ஒரு விவசாயி மணிக்கு இரண்டரை ஷில்லிங் கூலிக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் படமெடுத்த பெண்ணுக்கு வயது நாற்பத்தெட்டு. கேமராவை எங்கே வைப்பது, உருவத்தை எப்படிக் கூர்மையாக்குவது என்று எதுவும் அவருக்குத் தெரியாது. பல மணி நேரமும் பல இரண்டரை ஷில்லிங்குகளும் செலவான பிறகு கண்ணாடித் தகட்டில் ஒரு முகம் விழுந்தது. மகிழ்ச்சியில் தகட்டின் ஈரப்பக்கத்தைக் கையால் தேய்த்துவிட்டார். முகம் அழிந்துபோனது.

அந்தப் பெண்ணின் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரூன். புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. அந்த விவசாயியின் பெயர் அவர் எழுதிய நினைவுக் குறிப்பில் இல்லை. ஓர் ஆங்கில மன்னரின் சாயல் அவரிடம் இருந்ததாகத் தமக்குத் தோன்றியது என்பதை மட்டும் எழுதியிருக்கிறார். உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைத்தவை கூலியும் ஒரு மன்னரின் சாயலும். இந்தக் கொடுக்கல் வாங்கலை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் மாடல் என்று இன்று நாம் அழைக்கும் ஆளுக்கும் கேமராவுக்கும் இடையில் பின்னால் நடந்த எல்லாவற்றுக்குமான விதை இதில் இருக்கிறது.

கேமரூன் கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. கணவர் சார்ல்ஸ் ஹே கேமரூன் சட்ட அறிஞர். இலங்கையின் நீதி நிர்வாகத்தைத் திருத்தியமைத்த கோல்புரூக் - கேமரூன் ஆணைக்குழுவின் இரண்டாவது பெயர் அவருடையதுதான். அந்தத் தொடர்பில் அவர் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களை வாங்கினார். குடும்பம் இங்கிலாந்து திரும்பிய பிறகும் வருமானத்துக்குத் தோட்டத்தையே நம்பியிருந்தது. ஃப்ரெஷ்வாட்டரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பெயரே ‘டிம்போலா’. தோட்டம் இருந்த திம்புள்ளைப் பகுதியின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோய்த் தங்கள் வாசலில் எழுதிவைத்திருந்தார்கள்.

கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கை சென்றிருந்தபோது, தனித்திருக்கும் தாய்க்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். பொழுதுபோக்கு என்ற சொல்லைப் பெண்கள் கையில் எடுக்கும் கலைகளுக்கு நம் வீடுகளிலும் சொல்வதுண்டு. கோலம், பாட்டு, கவிதை எல்லாம் அப்படித்தான் தரப்படுகின்றன. கேமரூன் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கரி வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கோழிகளைத் திறந்துவிட்டு, கண்ணாடி போட்ட கோழிக்கூண்டைப் படப்பிடிப்புக் கூடமாக மாற்றினார். முட்டை தந்த இடம் முகங்கள் தரும் இடமாயிற்று.

முதல் படப்பிடிப்புக்கு ஆயத்தமாவது அன்று என்ன பொருள் தந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் உட்கார்ந்தவர்களின் பாடு புரியும். அது ஈரக் கொலோடியன் முறையின் காலம். கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மேல் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான கரைசலை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்த்துப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்த வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்தி, ஒளி காட்டி, மறுபடியும் இருட்டறைக்கு ஓடி உருத்துலக்க வேண்டும். காய்ந்தால் படம் போயிற்று. உருவத்தை நிலைநிறுத்த அவர் பயன்படுத்திய மருந்து சயனைடு. வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப்போகும். ஒரு படத்தைக் கழுவிமுடிக்கக் கிணற்றிலிருந்து ஒன்பது வாளி தண்ணீர் தேவைப்படும் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். வேலைக்காரிகள் இருக்கும் வீட்டில் ஒன்பது வாளித் தண்ணீர் தானாக நடந்து வந்திருக்காது.

இத்தனைக்கும் நடுவில் மாடலின் வேலை ஒன்றே ஒன்று: அசையாமல் இருப்பது. கோழிக்கூண்டின் மங்கலான பக்க ஒளியில் மூன்று நிமிடம் முதல் ஏழு நிமிடம் வரை லென்ஸ் திறந்திருக்கும். மூச்சு விடலாம், மூச்சு தெரியக் கூடாது. கேமரூனிடம் உட்கார்ந்த ஒரு சீமாட்டி, முதல் நிமிடத்திலேயே கத்திவிடலாம் போலிருந்ததாகவும், அடுத்த நிமிடத்தில் கண்கள் தலையைவிட்டு வெளியே வந்துவிடும்போல் ஆனதாகவும் பின்னாளில் எழுதினார். சீமாட்டி என்பதால் எழுதினார்.

1864 ஜனவரி 29 அன்று முதல் வெற்றி கிடைத்தது. அதற்கு முன் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்துப் பார்த்தார்; ஒரு குழந்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து படம் பாழானது. எனவே ஒரே ஒரு சிறுமியை, ஆனி ஃபில்பாட்டை, தனியே உட்காரவைத்தார். நீ அசைந்தால் என் மருந்தும் என் பாடும் வீணாகிவிடும் என்று அவளிடம் எடுத்துச் சொன்னார். சிறுமி கேட்டுக்கொண்டாள், அசையவில்லை. படம் வந்ததும் அந்தக் குழந்தைக்கு என்ன பரிசு தரலாம் என்று கேமரூன் வீடு முழுக்கத் தேடி ஓடினாராம். படத்தை முழுக்க முழுக்க அவளே செய்ததுபோலத் தமக்குத் தோன்றியது என்று பத்தாண்டுகளுக்குப் பிறகு எழுதினார். அன்றைக்கே அச்சிட்டு, சட்டமிட்டு, சிறுமியின் தந்தையிடம் கொடுத்தார்.

இந்த நிகழ்வை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். காரணம், இதில் எல்லாமே சரியாக இருக்கிறது. காட்சித் தொடர்பியல் படிக்கும் பெண்கள் தங்கள் முதல் போட்டோ ஷூட்டுக்கு ஆயத்தமாகும்போது பட்டியல் போடுகிறார்கள்: லென்ஸ், பேட்டரி, ரிஃப்ளெக்டர், இடம், உடை, மேக்கப், மாலை வெயில் எத்தனை மணிக்கு. மாடலிடம் என்ன பேச வேண்டும் என்பது பெரும்பாலும் பட்டியலில் இருப்பதில்லை. கேமரூன் அந்தச் சிறுமியிடம் பேசினார். இந்த வேலையில் எதற்கு என்ன விலை என்று விளக்கினார். அவளுடைய ஒத்துழைப்பை உழைப்பாக ஏற்றுக்கொண்டார். நன்றி சொன்னார். படத்தைக் கொடுத்தார். பெயரை எழுதினார். ஆனால் ஆனி அவருக்குச் சமமான வீட்டுப் பெண். அதே கேமராவின் முன் வேறு வீட்டுப் பெண்கள் உட்கார்ந்தபோது இந்த ஒழுங்கில் எது எது நின்றது, எது எது கழன்றது என்று பார்ப்பதுதான் வரலாறு.

கேமரூனின் ஆண்களைப் பாருங்கள். டென்னிசன், டார்வின், கார்லைல், வானியலாளர் ஜான் ஹெர்ஷல். படத்தின் கீழ் அவரவர் பெயர் இருக்கிறது. அயலூரிலிருந்து வந்த கவிஞர் லாங்ஃபெலோவை அவரிடம் கொண்டுவந்து விட்ட டென்னிசன், இனி அவர் சொல்கிறபடிதான் நீங்கள் கேட்டாக வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனாராம். டென்னிசனுக்குக் கேலி செய்யும் உரிமை இருந்தது. தம்முடைய படம் ஒன்றுக்கு ‘அழுக்குத் துறவி’ என்று அவரே பெயர் சூட்டினார். தன் படத்துக்குத் தானே பெயர் வைப்பது எவ்வளவு பெரிய சலுகை என்பது, அது இல்லாதவர்களைப் பார்த்தால்தான் தெரியும்.

மேரி ஹில்லியர் அந்த வீட்டுப் பணிப்பெண். உள்ளூர்க்காரி. கேமரூன் அதிகமாகப் படமெடுத்த முகங்களில் ஒன்று அவளுடையது. கன்னி மரியாளாக, மகதலேனாளாக, கிரேக்கக் கவிஞர் சாஃபோவாக அவள் உட்கார்ந்தாள். ஊரில் அவளை ‘மேரி மடோனா’ என்றே அழைத்தார்கள். அழகும் மாறாத உறுதியும் கொண்ட மாடல் என்று கேமரூன் அவளைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். அந்த உறுதியைப் பற்றித்தான் எனக்கு ஒரு கேள்வி. எஜமானி கூப்பிட்டால் அடுப்படியை விட்டு வந்து மணிக்கணக்கில் மாதாவாக உட்காரும் பெண், இன்று வேண்டாம் அம்மா, கழுத்து வலிக்கிறது என்று சொல்லியிருக்க முடியுமா? சம்பளம் தரும் கையே லென்ஸ் மூடியையும் திறக்கும்போது, சம்மதம் என்ற சொல்லுக்கு எவ்வளவு இடம் மிச்சமிருக்கும்? மேரி ஹில்லியர் மகிழ்ந்தே உட்கார்ந்திருக்கலாம். பணிப்பெண்ணின் நாளில் சும்மா உட்காரக் கிடைப்பது அரிது. அப்படியே இருந்தாலும், அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றின் கீழ் இருப்பது மாதாவின் பெயர். உட்கார்ந்த மேரியின் பெயர் அல்ல.

மேரி ரயன் கதை இன்னும் கவர்ச்சியானது. அதனால் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியது. அயர்லாந்துக்காரப் பெண் ஒருத்தி லண்டன் புறநகரில் தன் மகளுடன் பிச்சையெடுத்துக்கொண்டிருந்தாள். கேமரூன் அந்தச் சிறுமியை வீட்டில் சேர்த்துக்கொண்டார். தம் பிள்ளைகளோடு படிக்கவைத்தார், பிறகு பணிப்பெண் ஆக்கினார், மாடலும் ஆக்கினார். 1865இல் லண்டனில் நடந்த கண்காட்சியில் அவள் படத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்த இளைஞர் ஒருவர் 1867இல் அவளை மணந்துகொண்டார். அவர் ஹென்றி காட்டன். நம் கும்பகோணத்தில் பிறந்தவர். இந்திய ஆட்சிப்பணிக்கு வந்து, அசாமில் தலைமை ஆணையராக இருந்தபோது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலி உயர்வுக்காகப் பேசித் தோட்ட முதலாளிகளின் பகையைச் சம்பாதித்தவர். 1904இல் பம்பாய்க் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர். பிச்சைக்காரியின் மகள் சீமாட்டி ஆன கதை என்று இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். எனக்கு அந்தத் தாயின் நினைவு வருகிறது. மகளின் முகம் கண்காட்சிச் சுவரில் தொங்கியதை அவள் பார்த்தாளா என்று எந்தக் கதையும் கேட்பதில்லை.

கேமரூனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமல்ல. அவரும் அடிபட்டவர். தெளிவில்லாத படங்கள், தகட்டில் கீறல், விரல்ரேகை என்று அன்றைய புகைப்படச் சங்கத்து ஆண்கள் அவரைக் கேலி செய்தார்கள். தம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் லென்ஸைத் திருகுவதை நிறுத்திக்கொண்டதாக அவர் சொன்னதை அவர்கள் தெரியாத்தனம் என்றே எடுத்துக்கொண்டார்கள். பெண் ஒரு விதியை மீறினால் அது விதி தெரியாமை ஆகிவிடுகிறது. அவர் அசரவில்லை. 1862இல் வந்த கலைப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களைத் தம் பெயரில் பதிவு செய்தார். படத்தின் கீழ் தம் கையால் தம் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் எழுதினார். சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. 1868இல் அவர் படமெடுக்க இரண்டு அறைகளையும் கொடுத்தது. ஒரு படத்தின் கீழ் எழுதப்படும் பெயர் என்ன செய்யும் என்பதை அவர் காலத்தில் அவரைப்போல் அறிந்த பெண்கள் மிகச் சிலர். அதனால்தான் எழுதப்படாத பெயர்களும் அவர் கணக்கில் வருகின்றன.

1869இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் பரவியது. தோட்டக் குடும்பங்கள் தடுமாறத் தொடங்கின. 1875இல் கேமரூன் தம்பதி ஃப்ரெஷ்வாட்டரை விட்டு இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனதாக ஒரு கதை உண்டு. களுத்துறையில் கடலோர வீட்டில் இருந்தார்கள்; மகன்களின் மலைத் தோட்டங்களிலும் தங்கினார்கள். கேமராவும் கூடப் போனது.

1877 தொடக்கத்தில், உலகம் சுற்றித் தாவரங்களை ஓவியமாக்கிக்கொண்டிருந்த மேரியான் நார்த் களுத்துறைக்கு வந்தார். கேமரூன் அவரை விடவில்லை. காஷ்மீர்க் கம்பளித் துணியைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்றின் முனை தலையில் குத்தும்படி நிற்கவைத்து, உச்சிவெயில் இலையிடுக்கில் கண்ணைக் கூசச்செய்ய, 96 டிகிரி வெக்கையில், இயல்பாக இருங்கள் என்றார். பிறகு ஈரப்பலா இலைகளை ஜன்னல் கதவில் ஆணியடித்துப் பின்னணி ஆக்கினார். பன்னிரண்டு தகடு வீணானதுதான் மிச்சம் என்று நார்த் தம் நினைவுக் குறிப்பில் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்.

அந்த நகைச்சுவைதான் என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல். அதே முற்றத்தில், அதே வெயிலில், அதே கேமராவின் முன் நின்ற மற்றவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. இலங்கையில் கேமரூன் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறை ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் அவற்றில் இருக்கிறார்கள். ஓர் ஆளின் முதுகழகு கண்ணில் பட்டதால் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொண்டாராம் கேமரூன். வீட்டில் தோட்டமே இல்லை, அந்த ஆளுக்கு அந்த வேலையின் பெயர்கூடத் தெரியாது என்கிறார் நார்த். முதுகுக்காகக் கொடுக்கப்பட்ட சம்பளம் அது.

இங்கிலாந்தில் பணிப்பெண் மாதா ஆனாள். இலங்கையில் அந்த வேடமும் போயிற்று; ‘இலங்கைப் பெண்’, ‘குடியானவர்’ என்ற வகைப்பெயரே படத்தின் பெயர் ஆனது. ஆட்சியாளர்கள் எட்டுத் தொகுதிகளாக இந்தியச் சாதிகளின் புகைப்படங்களைத் தொகுத்து வெளியிட்டு முடித்த காலம் அது. கேமரூனின் படங்கள் அந்த வகை அல்ல. அளவுகோலும் எண்ணும் அவற்றில் இல்லை. முகங்களை அவர் நெருங்கித்தான் பார்க்கிறார். ஆயினும் நெருங்கிப் பார்த்த முகத்திடம் உன் பெயர் என்ன என்று கேட்டதற்கான தடயம் தலைப்புகளில் காணக் கிடைக்கவில்லை.

இந்தப் படங்கள் எடுக்கப்பட்ட ஆண்டுகளைத் தமிழர்கள் வேறொரு பெயரில் அறிவோம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சம். மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் கூட்டங்கூட்டமாகக் கண்டிச்சீமைக்குப் போனார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறினார்கள். வழியில் செத்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். தோட்டத்தில் லயத்து அறையும் கடனும் காத்திருந்தன. அப்படி வந்து சேர்ந்த ஒருத்தியைத் துரைசாணி கூப்பிட்டு வெயிலில் நில் என்றால், நிற்பதற்கு அவளுக்கு எந்த ஆயத்தமும் தேவைப்பட்டிருக்காது. நில் என்றால் நிற்கத்தான் அவளைப் பழக்கியிருந்தார்கள். இதே பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில், எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார் ராணுவ அதிகாரி ஹூப்பர். எடுத்து முடித்ததும் அவர்களை அப்படியே அனுப்பிவிட்டார் என்று அன்றே குற்றச்சாட்டு எழுந்தது. அந்த வரிசையும் அசையாமல்தான் இருந்தது. அசைய அவர்களிடம் வலுவில்லை.

இன்று ஒரு பெண் முதல்முறையாகக் கேமராவுடன் ஒரு மாடலை எதிர்கொள்ளும்போது, ஈரத் தகடும் சயனைடும் இல்லை. ஏழு நிமிடம், நொடியில் நூற்றில் ஒரு பங்காகிவிட்டது. மாறாமல் இருப்பவை கேள்விகள்தான். மாடலுக்கு என்ன தருகிறோம், பணமா, படமா, வாக்குறுதியா? எத்தனை மணி நேரம்? இந்த உடை வேண்டாம், இந்தக் கோணம் வேண்டாம் என்று அவள் சொல்லலாம் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொன்னோமா? உடன் ஒரு தோழியை அழைத்து வரலாமா? உடைமாற்ற மறைவான இடம் உண்டா? படம் எங்கெல்லாம் போகும், எதற்கெல்லாம் போகாது என்று எழுதிக் கொடுத்தோமா? கீழே அவள் பெயர் இருக்குமா? பெண் படமெடுத்தால் பார்வை தானாகவே நியாயமாகிவிடும் என்று நம்மில் பலர் நம்ப விரும்புகிறோம். நாற்பத்தெட்டு வயதில் கோழிக்கூண்டைக் கலைக்கூடம் ஆக்கிய அந்தப் பெண்ணின் வாழ்க்கை, அந்த நம்பிக்கை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைக் காட்டுகிறது. ஆனியிடம் பேசிய அதே வாய்தான் மேரியை அடுப்படியிலிருந்து அழைத்தது. அதே கைதான் களுத்துறைப் பெண்ணை வெயிலில் நிறுத்தியது. நடுவில் மாறியது சாதி, வர்க்கம், நிறம்.

கேமரூன் 1879 ஜனவரி 26இல் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவையில் மாதா பெயரில் இருக்கும் சிறு ஆலயத்தின் வளாகத்தில் கணவரோடு அடக்கமானார். சுற்றிலும் தேயிலை. கல்லில் பெயர் இருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு அவர் எடுத்த ஒரு படம், களுத்துறைக் குடியானவர் குழு. படத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். ஒரு கிழவர் இருக்கிறார். கேமரூன் கைப்பட எழுதிய குறிப்பின்படி சிறுமிக்குப் பன்னிரண்டு வயது. தான் அவளுடைய தந்தை என்றும் தனக்கு நூறு வயது என்றும் கிழவர் சொல்கிறார். ‘சொல்கிறார்’ என்ற அந்த ஒரு வினையை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். அங்கே ஒரு பேச்சு நடந்திருக்கிறது. மொழி தெரிந்த யாரோ நடுவில் நின்று கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வயது கேட்கப்பட்டது, உறவு கேட்கப்பட்டது, கிழவர் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளக்கூட நேரம் இருந்தது. பெயர் கேட்க இன்னும் ஒரு வரிதான் தேவைப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின்படி சிறுமி 1866ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். கேமரூன் முதல் கேமரா போதாமல், இன்னும் பெரிய தகடு போடும் கேமராவை வாங்கியதும் அதை ஒட்டிய காலத்தில்தான். மனித முகத்தை அதன் அளவிலேயே, கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காக வாங்கினார்.